பனியனில் ஏறிய முகம்

மத்தியானச் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டேதான் வேல்குமார் அந்தப் படத்தைக் கண்டுபிடித்தான். திருப்பூரில் ஒரு பிரிண்டிங் யூனிட்டுக்கு அவன்தான் டிசைனர். சாயங்காலத்துக்குள், பனியன் வாங்கும் வெளிநாட்டு பையருக்குப் புது டிசைன் போயாக வேண்டும். இணையத்தில் தேடிக்கொண்டே போனவன் முன்னால் ஒரு தலை வந்து நின்றது. சுட்ட களிமண்ணில் செய்த பெரியவர் ஒருவரின் தலை. இரண்டு காதுகளையும் மண்ணே வளர்ந்து மூடியிருந்தது. படத்தின் மூலையில் சிற்பியின் பெயரும், ‘கேட்டுவிட்டு எடுக்கவும்’ என்ற வரியும் இருந்தன.

மூலையை வெட்டிவிட்டான். இந்தத் தொழிலில் ஒரு நம்பிக்கை உண்டு, யார் கிளப்பிவிட்டார்களோ தெரியாது. படத்தை இடவலமாகத் திருப்பி, ஏழு நிறத்தை மூன்றாகக் குறைத்துவிட்டால் அது நம்முடைய டிசைன் ஆகிவிடுமாம். எந்தச் சட்டப் புத்தகத்திலும் இல்லாத இந்தச் சட்டம் வேல்குமாருக்கு மனப்பாடம். அப்படியே செய்து, தலைக்குக் கீழே ஆங்கிலத்தில் ஒரு கேலி வாசகமும் சேர்த்தான். ‘நீ கத்து, எனக்குக் கேட்காது’ என்று அதற்கு அர்த்தம். முதலாளி தீனதயாளன் விழுந்து விழுந்து சிரித்தார். பையருக்கும் பிடித்துப்போனது. சொந்த டிசைன் என்று உறுதிக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தான்.

இரண்டு மாதம் கழித்து ஒரு பெண் யூனிட்டுக்குள் வந்தாள். கையில் அந்தப் பனியன். கூடவே வெள்ளைத் தொப்பி போட்ட ஒரு பெரியவர். அவரைப் பார்த்ததும் வேல்குமாருக்கு அந்தக் களிமண் தலை ஞாபகம் வந்தது. அதே நெற்றி, அதே மூக்கு.

“நான் குல்சார் பேகம்ங்க. ஊரு மங்கலம். இந்தச் சிலை நான் செஞ்சது. இவரு எங்க அத்தா, அக்பர். நாப்பது வருசம் தறிச் சத்தத்துல நின்னு ரெண்டு காதும் போயிருச்சுங்க. அதைத்தான் மண்ணுல செஞ்சேன். இந்தப் பனியன், எக்ஸ்போர்ட்ல கழிச்ச துணி விக்கற செகண்ட்ஸ் கடையில தொங்குச்சு. உங்க யூனிட்ல அடிச்சதுன்னு கடைக்காரரு சொன்னாருங்க.”

“நெட்டுல எல்லாரும் பாக்கற மாதிரிதானுங்க இருந்துச்சு. அதுவுமில்லாம நான் திருப்பிப் போட்டு, கலரையும் மாத்திட்டேனுங்க” என்றான்.

“பாக்கறதுக்குத்தானுங்க போட்டேன். ஒரு பத்திரிகைக்காரரு இதைப் பத்திக் கட்டுரை எழுதுனாரு. படத்தைப் போட்டு, எம் பேரையும் போட்டு, வேலை சுமார்னு எழுதுனாரு. என்னைக் கேக்கல. அது நியாயம். படத்தைக் காட்டாம எப்புடி விமர்சனம் பண்ணுவாரு? நீங்க பண்ணுனது அதுங்களா?”

வேல்குமார் முதலாளிக்குப் போன் போட்டான். “கன்டெய்னர் போன வாரமே துறைமுகம் தாண்டிருச்சு. இனி யாரு நிறுத்தறது? கையெழுத்துப் போட்டது நீதானப்பா, நீயே பேசி அனுப்பு” என்று அவர் வைத்துவிட்டார்.

இங்கே நடப்பது எதுவும் காதில் விழாத அக்பர், மகள் கையிலிருந்த பனியனை வாங்கித் தன் மார்பின் மேல் விரித்து வைத்துக்கொண்டு நின்றார். முகமெல்லாம் பெருமை.

“ஏனுங்க தம்பி, நம்ம மூஞ்சியத்தானுங்க போட்டிருக்கீங்க? வெளிநாட்டுக்கெல்லாம் போவுதுன்னு பொண்ணு எழுதிக் காட்டுச்சு! கீழ என்னமோ எழுதியிருக்குதே, என்னங்க அது?”

வேல்குமார் குல்சாரைப் பார்த்தான்.

“எனக்கு மனசு வரலீங்க. நீங்களே எழுதிக் காட்டுங்க. தமிழ் படிப்பாரு” என்றாள்.

பொய்யாக ஏதாவது எழுதியிருக்கலாம், பெரியவர் நம்பியிருப்பார். அதற்கும் அவன் கை ஓடவில்லை. உள்ளதையே எழுதி நீட்டினான். அக்பர் எழுத்துக் கூட்டிப் படித்தார். தன் குரல் தனக்கே கேட்காதவர் என்பதால் உரக்கப் படித்தார். பிரிண்டிங் டேபிளருகே நின்ற அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

“நீ... கத்து. எனக்குக்... கேட்காது.”

இன்னொரு முறை, இந்தத் தடவை வாய்க்குள்ளேயே படித்தார். பனியனை மார்பிலிருந்து எடுத்து, கசங்காமல் மடித்து, மேசை மேல் வைத்தார்.

“என்னைக் கேட்டிருந்தா வேண்டாம்னு சொல்லியிருப்பனுங்க தம்பி” என்றார்.

வேல்குமாருக்குக் கண் கலங்கிவிட்டது. “மன்னிச்சுருங்க பாய். எப்படியாவது அத்தனையும் திருப்பி வாங்கிடறேனுங்க” என்றான். தன்னால் ஒன்றைக்கூட வாங்க முடியாது என்று அவனுக்கே தெரியும். அவன் சொன்னது பெரியவர் காதிலும் விழவில்லை.

குல்சார் தந்தையின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“முடியாததைச் சொல்லாதீங்க. எங்கத்தா மூஞ்சியப் பாத்து யாரு யாரோ சிரிக்கத்தான் போறாங்க, உங்களாலயும் ஆகாது, என்னாலயும் ஆகாது. ஒண்ணு மட்டும் தெரிஞ்சுக்கோங்க. அடுத்தவங்க உழைப்பை எடுத்து விக்கறதுக்கு முன்னால அவங்களைக் கேக்கோணும். எதுக்குக் கேக்கோணும்னா, வேண்டாம்னு சொல்றதுக்கு அவங்களுக்கு உரிமை இருக்குதுங்க.”