தினேஸ் சொன்ன சாட்சி

கட்டார் நாட்டில் எட்டு வருசம் வெயிலில் நின்று கம்பி கட்டிய காசில், கம்பளை நகருக்கு மேலே மலைச்சரிவில் தினேஸ் ஒரு மாடி வீடு கட்டினான். தேயிலைத் தோட்டத்து லயத்தில், ஒற்றை அறைக் காம்பறாவில் பிறந்து வளர்ந்தவன். பல்கனியில் நின்று கீழே மகாவலி ஆறு போவதைப் பார்க்கும்போதெல்லாம் அவனுக்கு நெஞ்சு நிறைந்துவிடும்.

குடிபுகுந்த வாரமே சபையில் எழுந்து சாட்சி சொன்னான். "கர்த்தர் என்மேல எவ்வளவு அன்பு வச்சிருக்காருன்னு தெரியணுமா? வந்து என் வீட்டப் பாருங்க!"

எல்லோரும் கைதட்டினார்கள். அதன்பிறகு பாஸ்டரும், "தினேஸ் தம்பியை ஆசீர்வதிச்ச மாதிரி எல்லாரையும் ஆசீர்வதியும்" என்று ஜெபிக்கத் தொடங்கினார்.

அடுத்த நவம்பரில் மழை விடாமல் பெய்தது. ஒரு மத்தியானம், குசினியில் அடுப்புக்குப் பின்னால் சுவரின் அடியில் சேற்றுத்தண்ணீர் கசிவதை அவன் மனைவி நிஷாந்தினி கண்டாள். "சாமான எடுத்துக்கிட்டு வாறேன்" என்று மாடி ஏறப்போனவனைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினாள். கீழே பள்ளிக்கூடத்தை அடைவதற்குள் மலை இறங்கிவிட்டது. வீடு இருந்த இடத்தில் சிவப்பு மண் மட்டும் கிடந்தது.

அவர்கள் வீட்டுக்குக் கீழே சின்னதாக ஒரு தகர வீடு இருந்தது. அதில் அதே சபைக்கு வரும் மரியாயி அக்காவும் அவள் புருசன் சவரிமுத்துவும் இருந்தார்கள். கட்டியிருந்த ஆட்டை அவிழ்த்துவிடப் போன சவரிமுத்து திரும்பி வரவில்லை.

நிஷாந்தினியின் அண்ணன் கண்டியில், மஹய்யாவவில் ஓர் அறை கொடுத்தார். தினேஸ் அங்கேயே ஒரு கட்டட வேலைக்குப் போனான். ஞாயிற்றுக்கிழமைகளில் உடம்பு வலி என்று படுத்துக்கொள்வான். அவள் வற்புறுத்தவில்லை. வெடித்துப் போன அவன் உள்ளங்கைகளுக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்த ஒரு சாயங்காலம், அவனே கேட்டான்.

"வீடு குடுத்தது அன்புன்னா, எடுத்தது என்ன நிஷா?"

"எனக்குத் தெரியாதுங்க." அவள் கையை விடவில்லை. "ஆனா நீங்க கட்டார்ல இருந்தப்ப நான் லயத்துல தனியா இருந்தேன். காய்ச்சல்ல கெடந்தேன். அப்பவும் அவரு என்கூடத்தான் இருந்தாரு. வீட்டோட வந்தவரு இல்லையே, வீட்டோட போறதுக்கு."

எண்ணெயைத் தடவிக்கொண்டே, "மழையில நீங்க மாடிக்கு ஓடினீங்க பாருங்க, அப்பதான் எனக்கு உசிரே போச்சு" என்றாள். அவன் அவள் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டு அழுதான். மண்சரிவுக்குப் பிறகு அவன் அழுதது அதுதான் முதல் தடவை.

தை மாதத்தில் பாஸ்டர் தொலைபேசியில் அழைத்தார். சபையில் நன்றி ஆராதனை வைக்கிறார்களாம். கர்த்தர் காப்பாற்றியதைத் தினேஸ் சாட்சியாகச் சொல்ல வேண்டுமாம். நிஷாந்தினியோடு பஸ் ஏறிப் போனான்.

பெயர் சொல்லி அழைத்ததும் முன்னால் போய் நின்றான். கர்த்தர் என்னைக் காப்பாற்றினார் என்று தொடங்க வாயெடுத்தான். முன் வரிசைக் கதிரையில் மரியாயி அக்கா வெள்ளைச் சேலையோடு உட்கார்ந்திருந்தாள். அவனால் சொல்ல முடியவில்லை.

"நான் முன்ன இங்க நின்னு, கர்த்தரோட அன்பப் பார்க்க என் வீட்டப் பாருங்கன்னு சொன்னேன்" என்றான். "அது தப்புங்க. என் வீடு அவரோட அன்புன்னா, தகர வீட்டுல இருந்த அக்கா மேல அன்பு இல்லன்னு ஆகுது. இன்னைக்கு நான் உசிரோட நிக்கிறத அன்புன்னு சொன்னாலும் அப்படித்தான். சவரி அண்ணன் என்னைவிட நல்ல மனுசன். ஏன் அவரு போனாரு, நான் இருக்கேன்னு எனக்குத் தெரியாது. வீட்ட நம்பி கர்த்தர மறந்துட்டேன். இப்ப கையில ஒண்ணும் இல்ல. ஆனாலும் அவர விட்டுப்போக மனசு வரல. இதான் என் சாட்சி."

யாரும் கைதட்டவில்லை. பாஸ்டர் தலை குனிந்து நின்றார். பிறகு வழக்கமான ஜெபத்தைச் சொல்லாமல், எல்லோரையும் மரியாயி அக்காவைச் சுற்றி வந்து நிற்கச் சொன்னார்.

ஆராதனை முடிந்ததும் அவள் தினேஸிடம் வந்தாள்.

"ஒங்க வீட்டு வெளிச்சத்தப் பார்த்துட்டு, 'நம்மள ஆண்டவர் மறந்துட்டாரோ புள்ள'ன்னு எங்க வீட்டுக்காரரு கேப்பாரு தம்பி. எனக்குப் பதில் சொல்லத் தெரியாது."

தினேஸ் அவள் கைகளைப் பிடித்துக்கொண்டான். "மன்னிச்சிருங்கக்கா."

"இன்னைக்கு நீங்க சொன்னத அவரு கேட்டிருந்தா, நிம்மதியாப் போயிருப்பாரு" என்று சொல்லி அவள் கண்ணைத் துடைத்தாள். "சாப்பிட்டுப் போங்க. ரொட்டி சுட்டு வச்சிருக்கேன்."

தோட்டத்தில் அவளுக்குக் கொடுத்திருந்த தற்காலிகக் குடிசைக்கு மூன்று பேரும் நடந்தார்கள். வாசலுக்குக் கதவு இல்லை, சாக்குத்தான் தொங்கியது. ரொட்டியும் காரமான கட்டச் சம்பலும் தின்று, இஞ்சித் தேத்தண்ணி குடித்தபிறகு, தினேஸ் எழுந்து கை விரித்து வாசலின் அகலத்தை அளந்து பார்த்தான்.

"அடுத்த ஞாயிறு பலகையோட வாறேன்க்கா."

"ஜெபம் முடிஞ்சப்பொறம் வாங்க" என்றாள் மரியாயி.

"ஜெபத்துக்கே வாறோம்" என்றாள் நிஷாந்தினி. தினேஸ் தலையாட்டினான்.