மடித்துக் கட்டிய பின்னல்

பூரணியின் கூந்தல் முழங்காலைத் தொடும். நீளம் மட்டுமென்றால் எப்படியோ சமாளித்துவிடுவாள். அடர்த்திதான் அவளைப் பாடாய்ப் படுத்தியது. ராகலைக் குளிரில் தேங்காயெண்ணெய் போத்தலுக்குள்ளேயே உறைந்து கிடக்கும். அதை அடுப்போரம் வைத்து உருக்கித் தேய்த்து, சீயக்காய் போட்டு அலசி, அடுப்புக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாலும் அடிமயிர் காயாது. ஈரம் தங்கி வாடை அடிக்கும். அதற்காகக் கற்பூரத்தைச் சின்னத் துணியில் முடிந்து பின்னலுக்குள் செருகிக்கொள்வாள்.

கொழுந்து பறிக்கப் போனால் வேறு தொல்லை. கூடைக் கயிறு உச்சந்தலையில் மாட்டியிருக்கும். கூடை முதுகில் தொங்கும். கொண்டை போட்டால் கூடை விளிம்பு இடிக்கும். ஒற்றைப் பின்னலாய் விட்டால் முதுகுக்கும் கூடைக்கும் நடுவே சிக்கி, குனியும்போதெல்லாம் தலையைப் பின்னுக்கு இழுக்கும். பலவிதமாய்க் கட்டிப் பார்த்து, கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தாள். நடு வகிடெடுத்து இரண்டாகப் பின்னி, பின்னல்களை மேலே மடித்து, காதுக்குப் பின்னால் ரிப்பனால் இறுக்கிக் கட்டிவிடுவாள். கயிற்றுக்கும் இடம் இருந்தது. தேயிலைச் செடியின் கிளை வாதிலும் மாட்டவில்லை. தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக் குமரிகள் சிலர் அதைப் பார்த்துத் தாங்களும் அப்படியே கட்டத் தொடங்கினார்கள்.

அது தொண்ணூற்றேழாம் வருஷம். இயக்கத்துக்கும் ராணுவத்துக்கும் யுத்தம் எங்கேயோ வடக்கே நடந்தது. பாதையில் காவலரண்கள் மட்டும் மலைக்கும் ஏறி வந்திருந்தன.

பூரணிக்குக் கல்யாணம் குறித்திருந்தது. மாப்பிள்ளை சுதாகரன், டயகமப் பக்கத்துத் தோட்டமொன்றில் தேயிலை ஆலையில் வேலை செய்பவன். சேலை எடுக்க அவளும் அண்ணன் மனைவி காளியாயியும் காலை பஸ்ஸில் நுவரெலியாவுக்குக் கிளம்பினார்கள். காலையிலேயே தலைக்குக் குளித்திருந்ததால் ஈரத்தோடு பின்னி, வழக்கம்போல மடித்துக் கட்டிக்கொண்டாள்.

நகரத்துக்குச் சற்று முன்னால் பஸ்ஸை மறித்தார்கள். எல்லோரும் இறங்கி, அடையாள அட்டையைக் கையில் பிடித்தபடி வரிசையில் நின்றார்கள். பெண்களைச் சோதிக்க ஒரு பொலிஸ்காரி இருந்தாள். காளியாயியைத் தடவிப் பார்த்துப் போகச் சொன்னவள், பூரணியின் தலையைப் பார்த்ததும் நின்றாள். அட்டையை வாங்கினாள். திருப்பித் தரவில்லை.

"நீ உள்ளே வா" என்றாள் அரைகுறைத் தமிழில்.

"நானும் கூட வாறேங்க நோனா" என்று காளியாயி முன்னால் வந்தாள். துப்பாக்கியைக் குறுக்கே நீட்டி ஒருவன் அவளைத் தடுத்தான்.

மணல் மூட்டைகளுக்குப் பின்னால் ஒரு தகரக் குடில். உள்ளே மேசைக்கு அந்தப் பக்கம் ஒரு சார்ஜன் உட்கார்ந்திருந்தான். பொலிஸ்காரி பூரணியைச் சுற்றி வந்து, மடித்த பின்னலை விரலால் தட்டினாள்.

"இந்த மாதிரி யாரு கட்டுறது தெரியுமா? இயக்கத்து பொம்பளே. உனக்கு யாரு சொல்லிக் குடுத்தது?"

பூரணிக்கு அப்போதுதான் விளங்கியது. "யாருமில்லீங்க" என்றாள்.

"அவிழு."

ரிப்பனின் முடிச்சு ஈரத்தில் இறுகியிருந்தது. விரலுக்கு அது அகப்படவில்லை. பொலிஸ்காரியே இழுத்து அவிழ்த்தாள். பின்னல் பிரிந்து கூந்தல் சரிந்தபோது, துணி முடிச்சு தரையில் விழுந்தது.

சார்ஜன் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தான். "மேக்க மொகத்த?"

அது என்னவென்று அவன் கேட்கிறான் என்பது புரிந்தது. கற்பூரத்துக்குச் சிங்களத்தில் ஒரு வார்த்தை உண்டு, கடையில் எத்தனையோ தரம் கேட்டு வாங்கியிருக்கிறாள். அந்த நேரம் பார்த்து அது நாக்கை விட்டுப் போய்விட்டது. பொலிஸ்காரி குச்சியால் துணியை விலக்கினாள். உள்ளே வெள்ளைக் கட்டி. இயக்கத்துக்காரர்கள் கழுத்தில் விஷம் கட்டியிருப்பார்கள் என்று லயத்தில் பேசிக்கொண்டது பூரணிக்கு நினைவு வந்தது. இவர்களுக்கும் அதுதான் நினைவு வந்திருக்கும்.

வாய் உதவாதபோது கை எழுந்தது. ஏந்திய வலது கையைச் சாமிக்குத் தீபம் காட்டுவதுபோல மூன்று சுற்றுச் சுற்றினாள், இல்லாத சுடரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள், கும்பிட்டாள். பொலிஸ்காரி அவளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, குனிந்து முகர்ந்தாள்.

"கபுரு" என்றாள் சார்ஜனிடம்.

"ஆமாங்க, கபுரு, கபுரு!" பூரணி அழுதுவிட்டாள்.

சார்ஜன் உட்காரவில்லை. அவிழ்ந்த கூந்தலைக் காட்டி, ஏன் அப்படிக் கட்டினாய் என்பதுபோல ஏதோ கேட்டான். பூரணி தாவணியை முறுக்கிக் கயிறாக்கி உச்சந்தலையில் போட்டுக்கொண்டாள். கூடை சுமப்பதுபோலக் குனிந்து, வெறும் காற்றில் இரண்டு கையாலும் கொழுந்து கிள்ளித் தோளுக்குப் பின்னால் எறிந்தாள். பிரிந்த கூந்தல் முன்னால் வந்து முகத்தை மூடியது. கண்ணில் நீர் வழிந்தது. கையை மட்டும் நிறுத்தவில்லை. நிறுத்தினால் என்ன நடக்குமோ என்று பயமாயிருந்தது.

சார்ஜன் அவளுடைய விரல்களைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தான். தேயிலைக் கறை நகக்கண் வரை ஏறியிருந்தது. பொலிஸ்காரி கையிலிருந்த அட்டையை வாங்கிப் பார்த்து, மேசையில் போட்டுவிட்டு வெளியே போனான்.

"திரும்பு" என்றாள் பொலிஸ்காரி. பொலிஸ்காரி கூந்தலை மூன்றாய்ப் பிரித்து, அவசர அவசரமாக ஒற்றைப் பின்னல் போட்டாள். "ரோட்டுக்கு வந்தா இப்படி வா. மத்தது கட்டாதே. எல்லா நாளும் நான் இங்கே இல்லே." அட்டையை எடுத்துப் பூரணியின் கையில் கொடுத்தாள்.

வெளியே பஸ் போய்விட்டிருந்தது. காளியாயி மட்டும் பாதையோர மண்மேட்டடியில், மழையில் நனைந்தபடி நின்றாள். பூரணியைக் கண்டதும் ஓடிவந்து முகத்தையும் தோளையும் தடவினாள்.

"அடிச்சாங்களா?"

"இல்லீங்க அண்ணி. அண்ணி, வீட்டுக்குப் போயி இந்த முடிய வெட்டிருங்க. எனக்கு வேணாம்."

"பைத்தியமா உனக்கு? இயக்கத்துல கட்டையா வெட்டினவங்களும் இருக்காங்களாம், அதுக்கும்தான் புடிப்பாங்க!"

சேலை எடுக்காமலே திரும்பினார்கள். வழியெல்லாம் காளியாயி ஒன்றையே சொல்லிக்கொண்டு வந்தாள்: "யாருகிட்டயும் மூச்சு விட்டுறாத. பொலிஸ் புடிச்ச பொண்ணுன்னு பேரு வந்துச்சுன்னா மாப்ள வீட்டுக்காரங்க நம்ம வாசலுக்கு வந்து நிப்பாங்களா?"

அன்று பூரணிக்குச் சோறு இறங்கவில்லை. தன்னைப் பார்த்துக் கட்டிப் பழகிய பிள்ளைகளின் முகம் ஒவ்வொன்றாய் வந்தது. லயத்தில் பக்கத்து அறையான காம்பராவில் இருக்கும் சுலக்ஷனா அந்த வாரமே நுவரெலியா போகப் போகிறாள். அவளுக்குக் கும்பிட்டுக் காட்டக்கூடத் தோன்றாமல் போனால்? சொன்னால் கல்யாணம் நின்றுபோகலாம். சொல்லாவிட்டால் அந்தப் பிள்ளை அந்தக் குடிலுக்குள் நிற்பாள்.

விடிந்ததும் தண்ணீர்ப் பீலியடியில் குடத்தை வைத்துவிட்டு, எல்லோரும் கேட்கச் சொன்னாள். "மலையில எப்புடி வேணா கட்டுங்க. ரோட்டுக்குப் போறப்ப அவுத்துட்டு ஒத்தச் சடை போட்டுக்கங்க. என்னய உள்ள கூட்டிட்டுப் போயிட்டாங்க." சுலக்ஷனாவின் கை தானாகவே தன் காதுக்குப் பின்னால் போனது.

சேதி, காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்களத்துக்குப் போய், அங்கிருந்து டயகமவுக்கும் போயிற்று. ஞாயிற்றுக்கிழமை சுதாகரன் தனியாக வந்து வாசலில் நின்றான். காளியாயி தேத்தண்ணி போடுகிற சாக்கில் உள்ளே போய்க் கதவோரம் நின்றுகொண்டாள். பூரணி தலை நிமிரவில்லை.

"கேள்விப்பட்டது நெசமா?"

"நெசந்தாங்க."

"என்னய ரெண்டு தடவ புடிச்சு வச்சிருந்தாங்க, கொழும்புக்கு வேலைக்குப் போனப்ப. ஆம்பளங்கிறதால யாரும் அதப் பேசல." செருப்பைக் கழற்றிவிட்டு வாசற்படியில் உட்கார்ந்தான். "எங்கம்மா கொஞ்சம் மொணங்குறாங்க. நான் பேசிக்கிறேன். நீ சாப்புட்டியா?"

கல்யாணம் குறித்த நாளில் நடந்தது. சேலையைச் சுதாகரன் வீட்டிலேயே எடுத்து வந்திருந்தார்கள். மறுநாள் டயகமவுக்குப் போகும் பஸ் நுவரெலியா வழியாகத்தான் போகவேண்டும். வண்டி வேகம் குறையும்போதெல்லாம் பூரணியின் கை பின்னலுக்குப் போய் வந்தது. காவலரணில் இறங்கி நின்றபோது அங்கே வேறொரு பொலிஸ்காரி. ஒற்றைப் பின்னலில் தொங்கிய பூச்சரத்தைக் கொஞ்சம் தூக்கிப் பார்த்துவிட்டு, போ என்று கையசைத்தாள்.

பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் சுதாகரன் அவள் கையைப் பிடித்தான். அவள் உள்ளங்கை வியர்த்து வழிந்தது. நகரத்தைத் தாண்டி வெகுதூரம் போகும்வரை அவன் அதை விடவில்லை.