நாலு ஒன்பது

கார்டீனா ஊர்ச் சீட்டுக் கிளப்பில் காலை மேசைக்கு வருகிறவர்கள் யாரும் பணக்காரர்கள் இல்லை. பென்ஷன்காரர்கள், இரவு வேலை முடித்து வந்த டாக்சிக்காரர்கள், வீட்டில் தனியாக உட்கார முடியாதவர்கள். அங்கே பந்தயத்துக்கு அளவு உண்டு, ஒரே வீச்சில் யாரையும் துடைத்துவிட முடியாது. நல்ல சீட்டு வந்தால் ஒவ்வொரு சுற்றிலும் அந்த அளவான தொகையை வைக்க வேண்டும். எதிராளி வைத்தால் அதன்மேல் ஏற்ற வேண்டும். பணத்துக்குப் பதிலாக வைக்கும் சில்லைக் கடைசி ஒன்று வரை கறந்துவிட வேண்டும். வெல்டா பல வருடமாகச் சாப்பிடுவது இந்தக் கறவையில்தான். தோற்கிற சீட்டில் எல்லோரும்தான் தோற்கிறார்கள், ஜெயிக்கிற சீட்டில் ஏற்றாமல் விடுகிறவன்தான் வாடகைக்குத் திண்டாடுவான் என்று அவளே சொல்லியிருக்கிறாள்.

அப்படிப்பட்டவள் அந்தச் செவ்வாய்க்கிழமை காலை நாலு ஒன்பதை வைத்துக்கொண்டு ஏற்றாமல் உட்கார்ந்திருந்தாள்.

எதிரே ஹார்லன். விமானத் தொழிற்சாலையில் ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். இன்றைக்கும் இஸ்திரி போட்ட சட்டையோடுதான் வருவார். ஒரு காலத்தில் வெல்டா இந்த மேசையில் பயந்த ஒரே ஆள் அவர்தான். இரண்டு நாள் முன்னால் அவருடைய மகள் போன் செய்திருந்தாள். "ஆன்ட்டி, அப்பாவுக்கு ஞாபகம் போய்க்கிட்டிருக்குன்னு டாக்டர் சொல்லிட்டாரு. உங்களுக்குத் தெரியும்னு மட்டும் காட்டிக்காதீங்க. அந்தக் கிளப் ஒண்ணுக்குத்தான் அவர் ஷேவ் பண்ணிக்கிட்டுக் கெளம்புறாரு."

மகள் சொல்லாவிட்டாலும் மேசைக்கே தெரியும். ஹார்லன் தன் முறை வருவதற்குள் சில்லைத் தள்ளுவார், யார் பந்தயம் வைத்தது என்று இரண்டு தடவை கேட்பார். தெரியாத மாதிரி எல்லோரும் நடந்துகொண்டார்கள். ஆனால் அவர் ஆட்டத்தில் நிற்கும்போது யாரும் சும்மா விடவில்லை, மாறிமாறி ஏற்றினார்கள். வெல்டாவுக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை.

மேசை நடுவில் எல்லோருக்கும் பொதுவாக விரித்த ஐந்து சீட்டில் ஒரு ராஜாவும் இரண்டு ஒன்பதும் இருந்தன. மீதி இரண்டு ஒன்பதும் வெல்டா கையில். அதை வெல்ல அந்த ஆட்டத்தில் எதுவுமே இல்லை. ஹார்லனிடம் ராஜா இருக்கிறது என்பது அவர் சில்லைத் தள்ளிய தோரணையிலேயே தெரிந்தது. ஏற்றினால் அவர் விடமாட்டார், திருப்பி ஏற்றுவார். எத்தனை தடவை வேண்டுமானாலும் கறக்கலாம்.

வெல்டா அவர் வைத்ததற்குச் சரியாக வைத்தாள். அவ்வளவுதான்.

சீட்டைக் காட்டாமல் எறிந்திருந்தால் விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். பணம் அவருக்கே போயிருக்கும், யாருக்கும் எதுவும் தெரிந்திருக்காது. அதற்கு அவளுக்கு மனசு வரவில்லை. முழுக்கக் கறக்கவும் மனசு வரவில்லை. இந்த அரைகுறை இரக்கத்தால்தான் மாட்டிக்கொண்டாள்.

ஹார்லன் ராஜாவைத் திருப்பிப் போட்டார். வெல்டா இரண்டு ஒன்பதையும் போட்டாள். சீட்டுப் போடுகிற டீலர் சில்லுகளை அவள் பக்கம் தள்ளினாள்.

"ஏத்தலியே நீ?" என்றார் ஹார்லன்.

"ஏதோ ஒரு யோசனை."

"என்ன யோசனை? இத்தன வருஷத்துல எங்கிட்ட நீ ஒரு சில்லு விட்டுவச்சதில்ல."

அவர் குரலில் கோபம் இல்லை. பயம் இருந்தது. கண்கள் அவள் முகத்தில் எதையோ தேடின. டாக்டர் முன்னால் உட்கார்ந்திருக்கிறவர்கள் அப்படித்தான் பார்ப்பார்கள்.

பக்கத்திலிருந்த டோஷ் சும்மா இருப்பாரா? நர்சரி வைத்துச் செடி விற்ற மனிதர், வாய் மட்டும் கத்தரிக்கோல். "ஆகா, பங்காளிங்க ரெண்டு பேரும் கூட்டு சேர்ந்தாச்சா? எங்களுக்குன்னா நாலு தடவ ஏத்துவா, அவருக்குன்னா தடவிக் குடுப்பாளா? கூப்பிடுங்கய்யா சூப்பர்வைசர."

டீலர் கையைத் தூக்கினாள். சூப்பர்வைசர் வந்தார். ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுத்து ஆடுவது மற்றவர்களை ஏமாற்றுவதற்குச் சமம் என்பது அங்கே எல்லோருக்கும் தெரிந்த விதி. அதற்காக நாற்காலி பறிபோனவர்கள் உண்டு.

"இந்தச் சீட்ட ஜெயிக்க வேற எதுவுமே கெடையாது. ஏன்மா ஏத்தல?" என்றார்.

ஹார்லன் அவளையே பார்த்தார். பாவமாக இருந்தது என்று சொன்னால் அந்த மனிதர் நாளைக்கு ஷேவ் பண்ணமாட்டார். வெல்டாவுக்கு அந்த மேசையில் இருந்த ஒரே சொத்து, சீட்டைத் தப்பாகப் படிக்காதவள் என்ற பெயர். அதைத்தான் பந்தயமாக எடுத்து வைத்தாள்.

"ஒரு ஒம்பத ஆறுன்னு நெனச்சுட்டேன். கண்ணு... கண்ணு மட்டும் இல்ல. இப்பல்லாம் எனக்கு அடிக்கடி இப்படி ஆகுது."

"நெசமாவா?" என்றார் டோஷ். குரல் இறங்கிவிட்டது.

"வெளிய சொல்லிக்கிற விஷயமா இது?"

சூப்பர்வைசர் இன்னொரு தடவை நடந்தால் சும்மா விடமாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போனார். கணக்குப் பார்த்தால் வெல்டாவுக்கு இது லாபம்தான். தடுமாறுகிறவள் ஏற்றினால் பயந்து ஒதுங்க மாட்டார்கள், நின்று பணம் கொடுப்பார்கள். ஆனால் டோஷ் அவளுடைய காபிக் கோப்பையை அவள் கை தட்டிவிடாதபடி நகர்த்தி வைத்தபோது, எழுந்து போய்விடலாமா என்றிருந்தது அவளுக்கு. ஹார்லனோ முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தார். முட்டைக்கும் ரொட்டிக்கும் ஆர்டர் சொன்னார். நெடுநாளைக்குப் பிறகு தன் முறைக்குக் காத்திருந்து சில்லு வைத்தார்.

சற்று நேரத்தில் மறுபடி அவளும் அவரும் மட்டும் மிஞ்சினார்கள். கடைசிச் சுற்று. வெல்டா கையில் சின்ன ஜோடிதான், பந்தயம் வைக்காமல் மேசையைத் தட்டினாள். ஹார்லன் தன் சீட்டைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். அவரும் தட்டினார்.

அவர் திருப்பிப் போட்டபோது மூன்று ஆஸ், இரண்டு பத்து சேர்ந்திருந்தன, லேசில் தோற்காத கை. எல்லாவற்றையும் சரியாகவே படித்திருந்தார். கறக்க வேண்டிய கையைக் கறக்காமல் விட்டிருந்தார்.

டோஷ் யாரையும் கூப்பிடவில்லை. தன் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். டீலர் சீட்டை அவசரமாக வாரினாள்.  சற்று முன் தான் அவருக்குச் செய்தது இதைத்தான் என்று புரிந்தபோது வெல்டாவுக்கு வெட்கமாக இருந்தது.

ஹார்லன் மேசைக்கு மேலாகக் குனிந்து அவள் கைமேல் கை வைத்தார்.

"பரவால்லம்மா. உன்கிட்ட எடுத்து நான் என்ன கோட்டையா கட்டப்போறேன்? ஒரு நல்ல டாக்டராப் பாத்துக் காட்டு. தனியா போவாத, நான் வர்றேன்." பிறகு குரலைத் தணித்துக்கொண்டார். "ஒண்ணு சொல்லட்டா, சிரிக்கக்கூடாது. நீ ஏத்தாதப்போ எனக்குத்தான் ஏதோ ஆயிடுச்சோ, அதான் எல்லாரும் எங்கிட்ட மறைக்கிறீங்களோன்னு ஒரு நிமிஷம் ஆடிப்போயிட்டேன்."

"சே, உங்களுக்கு என்ன, ஹார்லன்," என்றாள் வெல்டா. "எனக்குத்தான்."