பக்கத்தின் அடியில் நான்கு வரி

கடவுளின் வாக்குக்கு விலை நூற்றிருபது. உரையோடு சேர்த்து வாங்கினால் நூற்றைம்பது. ஆக, கடவுள் என்னதான் சொல்ல வந்தார் என்று தெரிந்துகொள்ள முப்பது. அந்த முப்பதில் அச்சுக்காரருக்கும் கடைக்காரருக்கும் போக மிஞ்சியதை வைத்துத்தான் உரைக்காரர் இரண்டு பெண்களைப் படிக்க வைத்தார், மூத்தவளைக் கட்டியும் கொடுத்தார்.

மூத்தவள் இப்போது ஒரே ஒரு பையோடு திரும்பி வந்திருந்தாள். இடது மணிக்கட்டில் கட்டு. “கதவு இடிச்சிடுச்சுப்பா” என்றாள் முதல் நாள். மூன்றாம் நாள், யாரும் கேட்காமலே, “கதவு இல்லப்பா” என்றாள்.

எட்டாம் நாள் பிற்பகல் மாப்பிள்ளை வந்தார். கையில் மாமனார் எழுதிய உரை. நடுவே அடையாளத்துக்கு ஒரு பேருந்துச் சீட்டு.

“மாமா, நான் சண்டைக்கு வரல. நீங்க எழுதினதைப் படிச்சுக் காட்டத்தான் வந்தேன்.”

“படிங்க.”

மறைநூலில் அந்த இடத்தில் இருப்பது ஒரே வரி: ‘அவள் விளக்கை அணைத்தாள், கதவைச் சாத்தினாள், நடந்தாள்.’ யார் அவள், எங்கே போனாள், எதற்குப் போனாள், எதுவும் கிடையாது. அடுத்த வரியில் மழை பெய்கிறது. உரைதான் மிச்சத்தைச் சொன்னது: ‘இவள் போனது பிழை. கொண்டவன் வந்து அழைத்தால் மறுபேச்சின்றித் திரும்புவதே அறம். பிறந்த வீட்டார் தடுத்தால் அந்தப் பாவம் அவர்களையும் சேரும்.’

“நான் வந்து கூப்பிட்டாச்சு. இனி தடுத்தா பாவம் யாருக்கு? நான் சொல்லல, நீங்கதான் சொல்லியிருக்கீங்க.”

சமையலறையிலிருந்து மூத்தவளின் அம்மா குரல் கொடுத்தார். “கை ஒடிஞ்சா என்ன செய்யணும்னு அதுல போட்டிருக்கா மாப்பிள்ளை? இருந்தா அதையும் சத்தமாப் படிங்க, கேட்டுக்கறேன்.”

உரைக்காரர் புத்தகத்தை வாங்கிப் பார்த்தார். பிற்பகல் வெயில் பக்கத்தின் மேல் விழுந்து எழுத்துகள் லேசாக மிதந்தன. மை வாடை வந்தது. இருபத்தாறு வருடம் பின்னால் நழுவ, அவர் அச்சகத்தின் முன்மேசையருகே நின்றுகொண்டிருந்தார். “பக்கம் கீழே மொட்டையா நிக்குது சார்” என்றார் அச்சுக்காரர். “காகிதம் விக்கிற விலையில வெள்ளையா விட்டா வாங்குறவன் திட்டுவான். ஒரு நாலு வரி குடுங்க.” தேநீர் ஆறுவதற்குள் எழுதிக் கொடுத்துவிட்டார். பழைய உரை எதையும் புரட்டவில்லை. அந்த வரியில் நடந்துபோன பெண்ணையும் ஏறிட்டுப் பார்க்கவில்லை.

இப்போது பார்த்தார். பக்கத்தின் அடியில் வெள்ளை நிலம் ஈரமாக விரிந்துகொண்டே போனது. அதில் அவள் முதுகைக் காட்டியபடி நடந்தாள். காலடி ஓசையே இல்லை. நான்கு வரிகளும் நான்கு மதில்களாகக் குறுக்கே எழும்பின. ஒவ்வொன்றிலும் கை வைத்துத் தடவி, வழி தேடினாள். இடது கையை மட்டும் தூக்கவில்லை. அவர் புத்தகத்தை மூடினார்.

“மாப்பிள்ளை, இது கடவுள் சொன்னதில்ல. எனக்குச் சொல்லிக்குடுத்தவங்க சொன்னதும் இல்ல. இடம் காலியா இருந்துச்சு, நான் நிரப்பினேன்.”

மாப்பிள்ளை சிரித்தார். “எங்கம்மா இதை மனப்பாடமாச் சொல்லுவாங்க மாமா. வித்து முடிச்சப்புறம் இது என் சரக்கே இல்லைங்கற வியாபாரியை இப்பதான் பாக்கறேன்.”

“சரக்கு என்னுதுதான். கெட்ட சரக்கு. அதான் திரும்ப எடுத்துக்கறேன்.” புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டார். “அவ இங்க இருக்கட்டும்.”

மூத்தவள் வாசற்படியில் நின்றிருந்தாள். “நீங்க எழுதினாலும் நான் போகமாட்டேன், அழிச்சாலும் போகமாட்டேன்பா. கிளம்பறப்போ உங்க புத்தகத்தைப் பாத்துட்டுக் கிளம்பல.” பிறகு கணவன் பக்கம் திரும்பி, “பஸ்ஸுக்கு நேரமாச்சு” என்றாள்.

மாப்பிள்ளை போனார். புத்தகம் தங்கிவிட்டது.

மறுநாளிலிருந்து உரைக்காரர் அந்த நான்கு வரியை மூடும் அளவுக்கு வெள்ளைத் தாள்களை நறுக்கினார். அளவுகோலை மூத்தவள் நல்ல கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். பசைப் புட்டியோடு தெருத்தெருவாகப் போனார். “நல்லாத்தானே எழுதியிருக்கீங்க, எதுக்கு மூடறீங்க?” என்று சிலர் கதவைச் சாத்தினார்கள். சில வீட்டுப் பெண்கள் ஒட்டிய தாளைச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்து, அடியில் என்ன இருக்கிறதென்று படித்துப் பார்த்தார்கள். ஒருத்தி மட்டும் ஈரம் காயும்வரை அதன் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.

ஆறு மாதம் கழித்து, குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதினார்:

அச்சிட்டது இரண்டாயிரம். கடைகளில் கிடந்தவற்றில் ஒட்டியது நூற்றுப்பதினொன்று. வீடுகளில் ஒட்டியது முந்நூற்று நாற்பது. மாப்பிள்ளை விட்டுப்போனது ஒன்று. ஒட்ட விடாதவர் அறுபத்திரண்டு பேர். எந்த வீட்டில் எவள் தலைமாட்டில் இருக்கிறதென்று தெரியாதவை, ஆயிரத்து நானூற்று எண்பத்தாறு.