ஒரே குன்றின் மேல் இரண்டு பேர்

1.

இந்தக் கதை என் மனைவி திட்டிக்கொண்டிருந்தபோது கிடைத்தது. என்னையல்ல, கணினியை. என்னைத் திட்டினால் கதை கிடைக்காது, கடைக்குப் போய்வரும் வேலைதான் கிடைக்கும்.

அவள் ஒரு விதைப் பரிசோதனைக் கூடத்தில் நிரல் எழுதுகிறாள். அங்கே ஒரு கேமரா ஒவ்வொரு விதையையும் படமெடுத்து நீளம், அகலம் இரண்டையும் அளக்கும். கட்டம் போட்ட தாளை நினைத்துக்கொள்ளுங்கள். நீளம் குறுக்கே, அகலம் நெடுக்கே. ஒவ்வொரு விதையும் தன் அளவுக்குரிய கட்டத்தில் போய் விழும். நிறைய விழுந்த இடம் குன்றாக எழும்பும். ஒரு குன்று என்றால் ஒரு வகை விதை.

(இருபரிமாண ஹிஸ்டோகிராம் என்று இதற்குப் பெயர். முதல் வரியிலேயே சொல்லியிருந்தால் ஓடியிருப்பீர்கள்.)

2.

நான் எழுதிய முதல் தொடக்கம்: "மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. அவள் திரையையே வெறித்து—" மழைக்கு இங்கே என்ன வேலை? அடித்தாயிற்று.

இரண்டாவது: "தீவன விதை மூட்டையில் மூன்று வகைதான் இருக்க வேண்டும். அவளுக்கு நான்கு தெரிந்தது."

இது பரவாயில்லை. பெரிய குன்றின் தோளோடு ஒட்டிக்கொண்டு ஒரு குட்டிக் குன்று. களை விதையாக இருக்கலாம் என்கிறாள். நான்கு என்று சொன்னால் சரக்கு முழுவதும் நிற்கும். மூன்று என்றால் கிளம்பிப் போய் யார் யார் வயலிலோ களையாக முளைக்கும். அவளுடைய வேலை ஒப்பந்தம் இந்த மாதத்தோடு முடிகிறது. நீட்டிப்பதும் நிறுத்துவதும் மேலாளர் கையில். மறுநாள் காலைக் கூட்டத்தில் அவள் எண்ணிக்கையைச் சொல்லியாக வேண்டும்.

3.

மேலாளர் வருகிறார். எதற்கெடுத்தாலும் "சுருக்கமா சொல்லுங்க" என்பதால் அவருக்கு அலுவலகம் வைத்த பெயர் சுருக்கம்.

"எத்தனை குன்று?"

"நாலு மாதிரி தெரியுது சார்."

"மாதிரியா? மூணுன்னு குடுத்தா புரோகிராம் ஓடாதா?"

"ஓடும் சார். எத்தனைன்னு நாமதான் முதல்ல சொல்லணும். மூணுன்னா மூணு காட்டும், ஏழுன்னா ஏழும் காட்டும்."

"அப்ப மூணுன்னே குடுங்க. சுருக்கமா முடிஞ்சிடும்."

தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால்.*

* அவரை வில்லனாக்க எனக்கு ஆசைதான். ஆனால் சரக்கு நின்றால் அவருடைய நாற்காலியும் ஆடும். பாவம், விட்டுவிடுவோம்.

4.

அன்று மாலை வீட்டில் அவள் நான்கு என்று கொடுத்துப் பார்த்தாள். நிரல் ஒவ்வொரு குன்றுக்கும் ஒரு குவிந்த மூடி செய்து, கவிழ்த்து, சரியாகப் பொருந்தும்வரை நகர்த்திப் பார்க்கும். நான்கு மூடிகளில் இரண்டு போய்ப் பெரிய குன்றின் மேலேயே உட்கார்ந்துகொண்டன. ஒரே உறையில் இரண்டு கத்தி. குட்டிக் குன்று மூடியில்லாமல் சிவனே என்று கிடந்தது. திட்டல் இங்கேதான் தொடங்கியது.

பிறகு அவள் நான்காவது மூடியைக் குட்டிக் குன்றின் தலையிலேயே வைத்து, நகராதபடி வேலி போட்டு ஓட்டினாள். பொருந்தியது. வேலியை எடுத்தாள். அப்போதும் அங்கேயே நின்றது. நான்காவது குன்று நிஜம்தான்.

நானோ அதற்குள் மறுநாள் கூட்டத்தையே எழுதி முடித்திருந்தேன். அவளுக்குப் படித்துக் காட்டினேன்: "'உண்மை ஒருபோதும் சுருங்காது!' என்று அவள் நிமிர்ந்து முழங்கினாள்."

சிரித்துவிட்டாள். "நான் எப்பங்க முழங்கியிருக்கேன்?"

"கதைக்காகக் கொஞ்சம்..."

"இதுல அவரும் உங்களை மாதிரியே பேசுறாரு, நானும் உங்களை மாதிரியே பேசுறேன். ரெண்டு மூடியும் ஒரே குன்று மேல. நான் அங்க ஓரமா கிடக்கறேன் பாருங்க."

(இங்கே நான் சொன்ன ஒரு புத்திசாலித்தனமான பதில் இருந்தது. நீக்கிவிட்டேன்.)

"சரி, நாளைக்கு என்ன சொல்லப்போறே?"

"தெரியல. பயமா இருக்கு. வேலை போயிடும்னு பயம். மூணுன்னு வாயில வந்துடுமோன்னு அதைவிடப் பயம்."

பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தும் அந்தப் பயம் என் கண்ணில் படவில்லை. வெட்கமாக இருந்தது.

5.

மூன்று முடிவுகள் வைத்திருந்தேன். ஒன்றில் அவள் நான்கு என்கிறாள், மேலாளர் கைதட்டுகிறார். (எந்த மேலாளர் கைதட்டியிருக்கிறார்?) இன்னொன்றில் மூன்று என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொள்கிறாள். மூன்றாவதில் சரியான நேரத்தில் மின்சாரம் போய்விடுகிறது. எழுத்தாளனுக்கு அதைவிட வசதி கிடையாது.

மூன்றிலும் அவளுக்குப் பதில் நான்தான் பேசுகிறேன். கிழித்துப் போட்டேன்.

இப்போது காலை. அவளைக் கொண்டுவந்து விட்டுவிட்டு, அவள் அலுவலக வரவேற்பறை நாற்காலியில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் மேலாளர் அவளை நோக்கிக் கையை நீட்டுகிறார். அவள் எழுந்து நிற்கிறாள். சத்தம் இங்கே கேட்காது.

என்ன சொல்வாள் என்று சொல்ல உங்களுக்கு நாக்கு துடிக்கும். எனக்கும்தான். கொஞ்சம் சும்மா இருங்கள். அவள் பேசிக்கொண்டிருக்கிறாள்.