ஆணி விழுந்த ஓட்டை

சிங்காநல்லூர் மில் லைன் வீடுகளில், கதவு நாதாங்கியில் சிவப்புத் துண்டு தொங்கினால் இரவு ஷிப்ட் முடித்த ஆள் உள்ளே தூங்குகிறார் என்று அர்த்தம். அதற்கப்புறம் அந்த வாசலில் பிள்ளைகள் விளையாடமாட்டார்கள். குழாயடிச் சண்டைகூடக் கொஞ்சம் குரலைத் தாழ்த்திக்கொள்ளும். வீட்டு ஆட்களே உள்ளே காலை வைக்கமாட்டார்கள். சாந்தாமணியின் அப்பா மாசாணம் சில வருடங்களாக இரவு ஷிப்டிலேயே இருந்தார். வெளிச்சம் வரக்கூடாதென்று தெருப்பக்க ஜன்னலைத் தகரம் வைத்து ஆணியடித்து மூடியவரும் அவர்தான். வீட்டுக்கு இருப்பதே ஒரு அறை. சாந்தாமணியும் அம்மா ராமாத்தாளும் பகல் பொழுதைப் பின்னால் இருந்த சமையல் சாய்ப்பில் ஓட்டிவிடுவார்கள்.

சாந்தாமணி படித்த கல்லூரியில் விஸ்காம் என்ற காட்சித் தொடர்பியல் படிப்பு அப்போதுதான் புதிதாக வந்திருந்தது. வாரம் ஒரு வேலை கொடுப்பார்கள். ஒரு வாரம் சத்தத்தை வரைந்து வா என்பார்கள், இன்னொரு வாரம் பசியை ஒரே நிறத்தில் காட்டு என்பார்கள். இது படிப்பா விளையாட்டா என்று அவளுக்கு ரொம்ப நாள் பிடிபடவில்லை. ஆர்.எஸ்.புரத்து வசதியான வீட்டுப் பிள்ளைகள் கழுத்தில் சொந்தக் கேமராவோடு வந்தார்கள். அவள் பென்சிலோடு போனாள். கல்லூரிக் கேமராவை ஒருமுறையாவது கையில் வாங்கிப் பார்க்கவேண்டும் என்பதுதான் அவள் ஆசையெல்லாம். ஆனால் அவளுடைய இரண்டு வேலைகள் ஏற்கெனவே சரியில்லையென்று திரும்பி வந்துவிட்டன. மூன்றாவதும் திரும்பினால் விஸ்காமை விட்டு வரலாறு வகுப்புக்குப் போகவேண்டியதுதான், கேமராவைத் தொடும் யோகமும் அத்தோடு சரி.

“உனக்குக் கை நல்லா வருது. ஆனா எல்லாரும் பார்த்ததையே நீயும் பார்க்கறே,” என்றார் மெர்சி மேடம். அவர்தான் வாரா வாரம் வேலை கொடுப்பவர். அந்த வாரம் அவர் கரும்பலகையில் எழுதிப் போட்டது: உங்கள் வீட்டில் நீங்கள் இதுவரை பார்க்காத ஒன்றைக் கொண்டுவாருங்கள்.

சாந்தாமணிக்கு எரிச்சலாக வந்தது. பத்துக்குப் பத்து வீட்டில் பார்க்காத பொருள் எங்கிருந்து முளைக்கும்? அடுக்குப் பானைகளுக்குப் பின்னால் பார்த்தாள், உரலைப் புரட்டிப் பார்த்தாள். எறும்புச் சாரியை வரைந்து, பிடிக்காமல் கிழித்துப் போட்டாள். சனிக்கிழமை காலையில் கையிலிருந்த தாளும் தீர்ந்துபோனது. மிச்சமிருந்த தாள் உள்ளே டிரங்குப் பெட்டிமேல் இருந்தது. கதவில் துண்டு தொங்கியது. அம்மா ரேஷன் கடைக்குப் போயிருந்தாள்.

எடுத்துக்கொண்டு ஓடிவந்துவிடலாம் என்றுதான் நுழைந்தாள். அப்பாவின் முகத்தில் வெயில் படக்கூடாதென்று கதவை உடனே சாத்தினாள். ஒன்றும் தெரியவில்லை. கண் பழகட்டுமென்று அப்படியே நின்றாள்.

சுவரில் ஏதோ நகர்ந்தது.

தெரு தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தது. எதிரே இருக்கும் பங்காருவின் டீக்கடை தன் நீலப் பலகையோடு கவிழ்ந்து நிற்க, பங்காரு டீயைக் கீழிருந்து மேலாக ஆற்றிக்கொண்டிருந்தார். மஞ்சள் சேலைக்காரி ஒருத்தி இடுப்புக் குடத்தோடு உத்திரத்தை ஒட்டி நடந்துபோனாள், ஒரு சொட்டுத் தண்ணீர் சிந்தவில்லை. வெளியே ஹாரன் கேட்டது. கேட்ட அதே நொடியில் சுவரில் பச்சை டவுன் பஸ் சக்கரம் மேலாக ஊர்ந்து போனது. கீழே, சுவர் தரையைத் தொடும் இடத்தில், அப்பாவின் தலையணைக்குப் பக்கத்திலேயே வானம் கிடந்தது. அதில் ஒரு காக்கை பறந்தது.

சாந்தாமணிக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. மூச்சுவிட்டால் கலைந்துவிடுமோ என்று பயமாக இருந்தது. தினமும் மிதிக்கிற தெருதான், ஆனால் இவ்வளவு அழகாக அதை அவள் ஒருநாளும் பார்த்ததில்லை.

“உனக்குந் தெரியுதா கண்ணு?”

அப்பா பாயில் கண்விழித்துப் படுத்திருந்தார்.

“தெரியுதுங்கப்பா.”

“என்ன தெரியுது, சொல்லு.”

“பங்காரு மாமன் கடைங்க. இப்ப பச்சை பஸ்ஸு போச்சுங்க. எல்லாம் தலைகீழா இருக்குதுங்க.”

மாசாணம் எழுந்து உட்கார்ந்தார். இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். அப்பா அழுது அவள் பார்த்ததே இல்லை.

“எம் மண்டைக்குத்தான் ஏதோ ஆயிப்போச்சுன்னு இருந்தேன் அம்மணி. மிசினு சத்தத்துல மூளை பொரண்டுபோச்சாட்ட இருக்குதுன்னு நெனச்சேன். எங்கூட மில்லுல இருந்த ஆறுச்சாமி தலை சுத்துதுன்னு ஒரு வார்த்தை சொன்னான், வேலையை உட்டே ஊட்டுக்கு அனுப்பிச்சுப்போட்டாங்க. அந்தப் பயத்துல உங்கம்மாகிட்டக்கூட மூச்சு உடலே. கண்ணைக் கட்டிக்கிட்டுத்தான் படுக்கறது.”

தலைமாட்டில் ஒரு பழைய துணி கிடந்தது. இத்தனை நாளும் அதைக் கட்டிக்கொண்டு தனியாகப் பயந்து கிடந்திருக்கிறார்.

அவள் திரும்பி ஜன்னலைப் பார்த்தாள். தகரத்தில் ஒரு ஆணி எப்போதோ உதிர்ந்து, அந்த இடத்தில் சின்ன ஓட்டை பளிச்சென்று எரிந்தது. போய் விரலால் அடைத்தாள். தெரு அணைந்துபோனது. எடுத்தாள், திரும்ப வந்தது. ஊசித்துளைக் கேமரா. பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் பண்ணி, படம் வரைந்து பாகம் குறித்து, முழு மார்க் வாங்கிய பாடம். அது தன் வீட்டுக்குள்ளேயே ஓடிக்கொண்டிருந்தது இதுநாள்வரை அவளுக்குத் தெரியவில்லை.

“உங்க மண்டைக்கு ஒண்ணுமில்லீங்கப்பா. இந்த ஓட்டை வழியா வெளிச்சம் வருதுங்க, அவ்வளவுதான். நீங்களே அடைச்சுப் பாருங்க.”

மாசாணம் தயங்கித் தயங்கி விரலை வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார். “இத்தனையும் நம்ம ஊட்டுக்குள்ளயா வந்து போயிட்டிருந்துது,” என்றார். ராமாத்தாள் ரேஷன் பையோடு வந்து, துண்டு தொங்கும் கதவுக்குள் பேச்சுக்குரல் கேட்டுத் திகைத்து நிற்கும்வரை அவர் அதையே செய்துகொண்டிருந்தார்.

திங்கட்கிழமை சாந்தாமணி வெறுங்கையோடு போனாள்.

“எங்கே?” என்றார் மெர்சி மேடம்.

“கொண்டுவர முடியாதுங்க மேடம். நீங்கெல்லாந்தான் வரோணும்.”

வகுப்பே சிரித்தது. மேடம் சிரிக்கவில்லை. அவளை ஒருமுறை உற்றுப் பார்த்தார். “சரி, நாளைக்குக் காலைல வர்றோம்,” என்றார்.

சொல்லிவிட்டு வந்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. துண்டு தொங்கும் வீட்டுக்குள் ஊரைக் கூட்டி வருவது அந்த லைனில் நடக்கிற காரியமா? அப்பாவிடம் மென்று விழுங்கிச் சொன்னாள். அவர் திரும்பி ஜன்னல் ஓட்டையைப் பார்த்தார்.

“வரட்டுங் கண்ணு. தூக்கம் எங்க போயிடப்போகுது.”

மறுநாள் மேடமும் வகுப்பும் அறைக்குள் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். ஷிப்ட் முடித்து வந்த மாசாணம் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, இடம் போதாதென்று வெளியே போய்விட்டார். சாந்தாமணி கதவைச் சாத்தினாள். இருட்டில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அப்புறம் ஒவ்வொரு கண்ணாகப் பழகப் பழக, சிரிப்பு தானாக நின்றது. தெரு அவர்கள் தலைக்குமேல் நடந்தது. வானம் எல்லார் சட்டையிலும் விழுந்திருந்தது. எப்போதும் கேமராவும் கையுமாகத் திரியும் முஜீப், அதைத் தொடக்கூட மறந்து, “யா ரப்பே,” என்று மெதுவாக ஆண்டவனைக் கூப்பிட்டான்.

அப்போது டீக்கடைப் பக்கமிருந்து ஒருவர் சுவருக்குள் வந்தார். கல்யாணங்காட்சிக்கு மட்டும் எடுக்கும் வெள்ளைச் சட்டை, தோளில் சிவப்புத் துண்டு. தெரு நடுவில், உத்திரத்தில் கால் பதித்து, ஜன்னலைப் பார்த்து நின்றார். கையைத் தூக்கினார். அந்தக் கை மேலிருந்து உட்கார்ந்திருந்தவர்கள் பக்கம் இறங்கி வந்து அசைந்தது.

“அட, உங்கப்பனாட்ட இருக்குதே,” என்றாள் ராமாத்தாள் மூலையிலிருந்து.

எந்தச் சுவருக்குப் பயந்து கண்ணைக் கட்டிக்கொண்டாரோ, அதே சுவருக்குள் அப்பா தானாக வந்து நிற்கிறார்.

மெர்சி மேடம் வெகுநேரம் எழுந்திருக்கவில்லை. வாசலுக்கு வந்ததும், “இது திரும்பி வராது சாந்தாமணி. நாளைக்கு வந்து கேமராவை வாங்கிக்கோ,” என்றார். அதைக் கேட்பதற்காகத்தான் அவள் இத்தனை வாரம் காத்திருந்தாள். கேட்டபோது அவள் கண் தெருவில் அப்பாவைத்தான் தேடியது.

மாசாணம் டீக்கடையிலிருந்து சாலையைக் கடந்து வந்தார்.

“நான் தெரிஞ்சனா கண்ணு?”

“தெரிஞ்சீங்கப்பா. நல்லாத் தெரிஞ்சீங்க.”

அவர் தலையாட்டினார். தோளிலிருந்த துண்டை நாதாங்கியில் மாட்டிவிட்டு உள்ளே போனார். தலைமாட்டில் கிடந்த அந்தப் பழைய துணியை எடுத்து ராமாத்தாளிடம் கொடுத்து, அடுப்பிலிருந்து பாத்திரம் இறக்க வைத்துக்கொள்ளச் சொன்னார். பிறகு சுவரைப் பார்த்துப் படுத்து, தெருவைப் பார்த்தபடியே தூங்கிப்போனார்.