காலிக் கட்டம்

கர்ப்பிணிகள் கிளினிக்கில் காலை ஒன்பது மணிக்கே பெஞ்சு நிறைந்துவிடும். நர்சம்மாவின் மேஜையில் பிரஷர் பார்க்கும் கருவி கௌரவமாக உட்கார்ந்திருக்கும். அதன் ரப்பர் பந்து கிழிந்து ஏழு மாதம் ஆகிறது. ஒரு பெண் நாற்காலியில் உட்காரும் முன்பே அவள் கார்டில் 120/80 விழுந்துவிடும். கடிதத்தின் தலையில் 'நலம், நலமறிய ஆவல்' என்று எழுதுவோமே, அந்த மாதிரி.

அந்தப் பதிவேட்டை வைத்துத்தான் நம் ஆராய்ச்சிக்காரி கர்ப்பகாலப் பராமரிப்பு பற்றி அறிக்கை தயாரித்துக்கொண்டிருந்தாள். கணினியில் ஏற்றிப் பார்த்தால் நானூற்றுப் பன்னிரண்டு பெண்களுக்கும் ஒரே பிரஷர். அத்தனை பேருக்குச் செருப்பு அளவுகூட ஒன்றாக இருக்காதே! நேரே போய் நர்சம்மாவிடம் கேட்டாள்.

"மூணு தடவை எழுதிக் கேட்டாச்சு மேடம், புது மெஷின் வரல. கட்டத்தைக் காலியா விட்டா மேல இருந்து மெமோ வரும். நார்மல்னு போட்டுட்டா யாருக்கும் தொந்தரவு இல்ல."

வெள்ளிக்கிழமை அறிக்கை கொடுக்க வேண்டும். "டேட்டா சுத்தமா இருக்கே!" என்று மேலதிகாரி வேறு பாராட்டியிருந்தார். அவளுடைய தங்கையும் அதே கிளினிக்குக்குத்தான் போகிறாள். அது நினைவுக்கு வந்தபோதுகூட, 'அவள் நல்லாத்தான் இருக்கா' என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். படிப்பு வேறு, துணிச்சல் வேறு.

வியாழக்கிழமை பதினொரு மணிக்குத் தங்கையிடமிருந்து போன் வந்தது. அவளுக்கு எட்டாம் மாதம்.

"அக்கா, ரெண்டு நாளா தலை வெடிக்குது. கண்ணு முன்னால பூச்சி பறக்குற மாதிரி இருக்கு. காலு வீங்கி செருப்பே நுழைய மாட்டேங்குது."

"பிரஷர் பார்த்தாங்களா?"

"நேத்துத்தான் போனேன். 120/80னு போட்டிருக்கே. நீதானே அங்க ரெக்கார்டெல்லாம் பக்கான்னு அனுப்பிவச்சே?"

டிராயரில், செய்முறை காட்டுவதற்கென்று வாங்கிய புதுக் கருவி உறை பிரிக்காமல் கிடந்தது. அதைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். ஆட்டோவில் உட்கார்ந்தவளுக்குப் பயம் என்றால் அப்படி ஒரு பயம். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். ஏட்டுப் பிரஷர் உயிருக்கு உதவுமா?

வெளிச்சம் பட்டாலே தலை வலிக்கிறது என்று தங்கை ஜன்னலைச் சாத்திவிட்டுப் படுத்திருந்தாள். அளந்தால் 170/110. 'கடவுளே, இந்தக் கருவியும் பழுதா இருக்கக் கூடாதா' என்று வேண்டிக்கொண்டே மறுபடி அளந்தாள். இன்னும் இரண்டு கூடியிருந்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா சுற்றிவளைக்கவில்லை. "எந்த நிமிஷமும் வலிப்பு வரலாம். குழந்தையை உடனே எடுக்கணும். ரெண்டு பேரையும் காப்பாத்தப் பார்க்கிறோம்." தங்கை கணவன் படித்துக்கூடப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டான்.

மூன்று மணி நேரம் அந்த மூடிய கதவையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நானூற்றுப் பன்னிரண்டு பேரில் இந்நேரம் எவளுக்குத் தலை வலிக்கிறதோ, எவள் 'கார்டுல சரியாத்தான் இருக்கு' என்று போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டாளோ என்றே நினைப்பு ஓடிக்கொண்டிருந்தது.

சாயங்காலம் தங்கை கண் திறந்தாள். முழங்கை நீளக் குழந்தை கண்ணாடிப் பெட்டிக்குள் மூச்சுவிட்டுக்கொண்டிருந்தது.

"ஏன்க்கா, கார்டுல சரியாத்தானே இருந்துச்சு?"

"அது அளந்து எழுதினது இல்லடி. எனக்கு அது தெரியும். தெரிஞ்சும் சும்மா இருந்துட்டேன்."

தங்கை முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

மறுநாள் காலை அந்தப் புதுக் கருவி நர்சம்மாவின் மேஜைக்குப் போய்விட்டது. மதியத்துக்குள் மூன்று பெண்களை ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருந்தார்கள். அறிக்கையும் சொன்ன நாளில் மேலதிகாரி கைக்குப் போனது. அவர் பக்கங்களைப் புரட்டிவிட்டு நிமிர்ந்தார்.

"என்னம்மா இது? பிரஷர் கட்டம் எல்லாமே காலியா இருக்கு! பார்க்கவே பயமா இருக்கு."

"பயப்படணும் சார். கட்டம் காலியா இருந்தா யாராவது பயந்து ஓடி வருவாங்க. பொய்யை எழுதி நிரப்பிட்டா, அந்தப் பொண்ணு சாகுற வரைக்கும் ஒருத்தரும் வரமாட்டாங்க."